பூட்டுப் போட்ட போன்

போன மாதம் என் மகன் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் செல்போன் கொண்டுவருவதை அடியோடு தடை செய்யலாமா என்பதுதான் பேச்சு. தடை வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள், தூக்கினேன். வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றார்கள், அதற்கும் தூக்கினேன். எண்ணிக்கொண்டிருந்த வாத்தியார் பேனாவை மூடிவிட்டு, "ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க மேடம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குத் தூக்கவில்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துப் போன் ஒன்று என்னை ஒரே நாளில் சாகடித்துப் பிழைக்கவும் வைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் நில் என்றால் நான் எங்கே நிற்பது?

அது எண்பதுகளின் கடைசி. நான் ஏற்காட்டில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பழக்கடை. அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் முகத்தைப் பார்க்கலாம். எங்கள் பள்ளிக்கு அந்த வருடம்தான் போன் வந்தது. கறுப்பாக, கனமாக, தலைமையாசிரியை அறையில் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அந்த அறைக்கும் எங்கள் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பக்கம் பேனா கீழே விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். சேலைக்கு மேல் மரூன் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்து வந்தால், கணக்கு டீச்சர்கூட எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவரை அந்தப் போன் ஒரே மாதத்தில் அலுத்துப்போக வைத்துவிட்டது. காரணம் பி.பி. இன்றைக்கு பி.பி. என்றால் ரத்தக்கொதிப்பு. அன்றைக்கு, ஒரு நம்பரை அச்சடித்து அதன் பக்கத்தில் பி.பி. என்று போட்டால், போன் எங்களுடையது இல்லை, இன்னொருவருடையது, கூப்பிட்டால் எங்களை அழைத்துவிடுவார்கள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பாதிப் பேர் யாரையும் கேட்காமல் பள்ளிக்கூடத்து நம்பரைத் தங்கள் பி.பி. ஆக்கிக்கொண்டார்கள். ஒருவர் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டார். பெரிய டீச்சர் போனை எடுத்தால், "ஏனுங்க, பொண்ணு ஊட்டுக்காரங்களா? பந்திக்கு எத்தனை எலை போடறதுங்க?" என்று சமையல்காரர் கேட்கிறார். இந்தக் கூத்து ஒரு வாரம் நடந்தது. நாங்கள் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனோம்.

எட்டாவது நாள் போனுக்குப் பூட்டு வந்தது. எண்களைச் சுழற்றுகிற வட்டின் ஓட்டை ஒன்றில் மாட்டுகிற, கட்டைவிரல் நகம் அளவுப் பூட்டு. சாவி பெரிய டீச்சரின் கைப்பையில். கதவில் ஒரு அறிவிப்பு. "மாணவிகள் தொலைபேசியைத் தொடக் கூடாது. மாணவிகளுக்கு அழைப்பு வந்தால் கூப்பிட்டு அனுப்ப மாட்டோம். மீறுபவர்களுக்கு டி.சி. வழங்கப்படும்." 'தொட' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

அந்தக் கோடு எனக்கு எமனாக வந்தது. ஏனென்றால் என் அக்கா நிறைமாதமாக இருந்தாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது, இரண்டாவது தடவை ஏழாம் மாதத்தில். இது மூன்றாவது. மலை வளைவில் பஸ் ஏறக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்குத் தாய்வீடு வர முடியவில்லை. கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, மற்றவர்கள் முன்னால் நன்றாகச் சிரித்துப் பேசினவள், என்னை பஸ் ஏற்றிவிட வந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்த வாட்டியும் இல்லீன்னா நான் மலைக்கே வர மாட்டேன்டீ. அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறது?" நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இருபது வளைவும் ஏறி முடிக்கிறவரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்பேன். லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க். அவர் மேஜை மேல் எந்நேரமும் போன். ஆரஞ்சு வாங்குகிற சாக்கில் ஒருநாள் மலைக்கு வந்தவர், கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டம் சொன்னார்.

"உங்க பெரிய டீச்சர் உன்னையக் கூப்புட்டுக் குடுக்க மாட்டாங்க, சரி. மணி அடிக்கறதுக்கு யாரு தடை போட முடியும்? உனக்குத்தான் பலகைக்கு அந்தப் பக்கம் நல்லாக் கேக்குதுன்னு சொல்றியே."

"கேக்குதுங்க மாமா."

"அப்பக் கேட்டுக்க. ஒரு மணி அடிச்சு நின்னா, ஆஸ்பத்திரியில சேத்தாச்சு, பயப்படாதீங்கன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சு நின்னா, பொறந்தாச்சு, ரெண்டு உசுரும் நல்லாருக்குது. நாலு அடிச்சா..." அவர் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "நாலு அடிச்சா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்பி வந்துரு கண்ணு."

"மூணு?"

"மூணு வேண்டாம். ரெண்டுக்கும் மூணுக்கும் கேக்கறதுல கொழம்பிப்போயிரும். நாலுன்னா தப்பவே தப்பாது."

ரகசியம் என்றுதான் வைத்துக்கொண்டேன். மறுநாள் மதியத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. என் வாய் அப்படி. முப்பத்திரண்டு பெண்களும் அக்காவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். போன் அடித்தால் போதும், எல்லா நோட்டிலும் பேனா நின்றுவிடும். பல நாள் அது அடித்துக்கொண்டே போகும், பெரிய டீச்சர் எடுத்து "பள்ளிக்கூடம்" என்பார், நாங்கள் 'ப்ச்' கொட்டிவிட்டு எழுதுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு டீச்சர் முக்கோணம் வரைந்துகொண்டிருக்கும்போது அடித்தது.

டிரிங் டிரிங்.

நின்றுவிட்டது. பெரிய டீச்சரின் நாற்காலி நகர்ந்தது, "ச்சே" என்ற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான் விரலைப் பார்த்தேன். இரண்டு விரல் நீட்டியிருந்தது. பக்கத்தில் என் சிநேகிதியும் இரண்டு விரல். பின் பெஞ்சில் எல்லோருக்கும் இரண்டு விரல். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, பெஞ்சின் மேல் ஏறி நின்று "பொறந்துருச்சு" என்று கத்தினேன். வகுப்பே கை தட்டியது. கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு என்னை வராந்தாவுக்குத் துரத்தினார். வெளியே பனி மூட்டம், எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. அந்தக் குளிரில் முட்டி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தப் பள்ளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் கடைக்கு ஒரே ஓட்டம். அம்மாவிடம் சொன்னதும் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாக் கேட்டியா சாமி? ரெண்டுதானே?" என்று மூன்று முறை கேட்டாள். பையனா பெண்ணா என்று கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், அதற்கு மாமா மணி வைக்கவில்லை என்று. "என்னவா இருந்தா என்ன, உசுரோட இருக்குதில்ல" என்றாள். பிறகு பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சர்க்கரை. சேலத்து பஸ் கண்டக்டருக்கு அள்ளி அள்ளி ஆரஞ்சு. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாட்டி ஆயிட்டனுங்க" என்றாள்.

அன்றைக்கே அவள் கிளம்பியிருப்பாள். லேகியம்தான் தடுத்தது. முன்னே இரண்டு தடவையும் முன்கூட்டியே பிரசவ லேகியம் கிண்டிவைத்து, இரண்டு தடவையும் அதைக் கொட்டவேண்டி வந்தது. அதனால் இந்த முறை சேதி வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவேன் என்று சுக்கு, திப்பிலி, கருப்பட்டி எல்லாவற்றையும் கட்டியே வைத்திருந்தாள். அன்று விளக்கு வைத்ததும் கிண்ட ஆரம்பித்தாள். வீடு முழுக்க நெய்யும் சுக்கும் மணந்தது. கிண்டிக்கொண்டே பாடினாள். அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. காலையில் தூக்குப்போசியில் லேகியத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ் பிடித்தாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை பதினொரு மணி வாக்கில், ஒரு டீச்சர் போய் அடுத்தவர் வராத இடைவெளியில், போன் அடித்தது.

டிரிங் டிரிங்.

நான் சாவகாசமாகத்தான் இருந்தேன். நம் சேதி நேற்றே வந்துவிட்டதே. அடிக்கட்டும், யாருக்கோ.

டிரிங் டிரிங்.

நின்றது.

வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி நீட்டியிருந்த நாலு விரலை மெதுவாக மடக்கிக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். நாலு. நேற்றுப் பிறந்தது, இன்றைக்கு நாலு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால், அம்மா அங்கேதானே இருக்கிறாள்? அப்படியும் அடித்திருக்கிறார் என்றால் அம்மா கண் முன்னாலேயே ஏதோ நடந்துவிட்டது. பிள்ளைக்கா? அக்காவுக்கா? தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. கடைசியாக அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய டீச்சர், "இன்னிக்கும் எவனோ விளையாடறான். இருக்கட்டும், எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிப் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே வராந்தாவில் இறங்கி ஆபீஸ் கிளார்க்கைத் தேடிப் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

என் சிநேகிதியின் அப்பா டெலிபோன் லைன்மேன். கரடியூர்ப் பக்கம் கம்பம் சாய்ந்தால் அவர்தான் ஏணியோடு போவார். அவள் என் காதில் சொன்னாள். "பூட்டுனா என்னடீ. ரிசீவர் உக்கார்ற எடத்துல ரெண்டு பொத்தான் இருக்குதில்ல, அதைத் தட்டுனா நம்பர் போயிரும். மூணுன்னா மூணு தட்டு. சைபருக்குப் பத்து. எங்கப்பா அப்படித்தான் பேசுவாரு. தட்டறது ஒரே சீரா இருக்கணும்."

மாமா ஆபீஸ் நம்பர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அறைக்குள் நுழைந்துவிட்டேன். அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். அறிவிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிசீவரை எடுத்தேன். அதுவரை நான் போனைத் தொட்டதே கிடையாது. அதன் கனம் என்னைத் திடுக்கிட வைத்தது. சைபருக்குப் பத்து தட்டினேன். அடுத்த எண்ணுக்கு எட்டு தட்டவேண்டும், ஏழா எட்டா என்று குழம்பி, வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். விரல் நடுங்கினால் ஒன்று இரண்டாகிவிடுகிறது. மூன்றாம் தடவை வாய்விட்டு எண்ணிக்கொண்டே தட்டினேன். பாதி நம்பர் போயிருக்கும். கதவோரம் என் சிநேகிதி ஏன் இருமிக்கொண்டே இருக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. திரும்பினால் பெரிய டீச்சர் நிற்கிறார்.

"கையை எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை. எனக்கு எங்கிருந்து அந்தத் திமிர் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "டி.சி. வாங்கிக்கறேனுங்க டீச்சர். இதை மட்டும் தட்டி முடிச்சிக்கறேனுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்து, எண்ணிக்கையும் போய்விட்டது. ரிசீவரை மார்போடு பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா, இரண்டு தடவை போனது, மாமாவின் மணிக்கணக்கு, நேற்று இரண்டு, இன்று நாலு.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "நாலுன்னு யார் சொன்னா?"

"நாங்க எல்லாரும் எண்ணுனோமுங்க டீச்சர். முப்பத்திரண்டு பேரும்."

"முப்பத்திரண்டு மக்கு" என்றார். "நான் கைய நீட்டிக்கிட்டு இந்தப் போனுக்கு எதிர்லயே உக்காந்திருந்தேன். ரெண்டு தடவைதான் அடிச்சது. டிரிங் டிரிங்னு சேர்ந்து வந்தா அது ஒரு மணிடீ. எந்தப் போனும் அப்படித்தான் அடிக்கும். நேத்து அடிச்சது ஒண்ணு."

என் தலைக்குள் எல்லாம் ஒருமுறை புரண்டது. அப்படியென்றால் நேற்று ஒன்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. பிள்ளையே பிறக்கவில்லை. அம்மா ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள், லேகியம் கிண்டிக்கொண்டு போனாள். இன்றைக்குத்தான் இரண்டு. இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது. சிரிக்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது.

"டீச்சர், எங்க மாமா எப்படி எண்ணுவாருங்க?"

மாமாவும் எங்களைப் போல எண்ணுகிறவராக இருந்தால் நாலு நாலுதான். நேற்றுப் பிறந்தது பிறந்ததுதான், இன்றைக்கு நடந்ததும் நடந்ததுதான். பெரிய டீச்சர் முகத்திலும் அந்தக் கணக்கு ஓடியதைப் பார்த்தேன். கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினார். பூட்டு சின்னது, அவசரப்பட்டால் சாவி நுழையாது. அவருக்கும் இரண்டு முறை நுழையவில்லை.

"நம்பரைச் சொல்லு."

சொன்னேன். சுழற்றினார். நான் ரிசீவருக்குக் கை நீட்டினேன்.

"நீ தொடாதே" என்றார். "கதவுல எழுதிப் போட்டிருக்கேன். கையைப் பின்னால கட்டு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெரிய டீச்சர் என் பக்கத்தில் வந்து, குதிகாலை உயர்த்தி நின்று, ரிசீவரைத் தன் கையாலேயே என் காதில் வைத்துப் பிடித்தார். இன்னொரு கை என் தோளில் இருந்தது. சேலத்தில் மணி அடிப்பது கேட்டது. அதை ஒன்று என்று எண்ணுவதா இரண்டு என்று எண்ணுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மாமா குரல்.

"ஹலோ, புக்கிங் ஆபீஸுங்க."

"மாமா" என்றேன்.

"யாரு? அட, நீயா கண்ணு? எங்கிருந்து பேசற? உங்கம்மா காலையில தூக்குப்போசியோட வந்து, எங்க புள்ளை, எங்க புள்ளைன்னு எங்கிட்ட ஒரே சண்டை. நேத்தே பொறந்துருச்சுன்னு நீ சொன்னியாமே. ஒரு மணியைப் போயி எப்படிக் கண்ணு ரெண்டுன்னு கேட்ட? அதான் இன்னிக்கு நல்லா நெதானமா ரெண்டு அடிச்சேன். பொண்ணு பொறந்துருக்குது, பத்து மணிக்கு. நொம்ப நல்லாருக்குது. இன்னிக்காச்சும் சரியாக் கேட்டுச்சா?"

பெரிய டீச்சருக்கும் அது கேட்டிருக்கும், மாமா குரல் அப்படி. தோளில் இருந்த கை என்னை ஒரு அழுத்து அழுத்தியது.

"கேட்டுச்சுங்க மாமா" என்றேன். "ரெண்டுதான் கேட்டுச்சு."

"அக்கா எப்படி இருக்கான்னு கேளு" என்றார் பெரிய டீச்சர், காதோரமாக.

கேட்டேன்.

"அவளுக்கென்ன" என்றார் மாமா. "மலைக்கு எப்ப பஸ் ஏறலாம், மலைக்கு எப்ப பஸ் ஏறலாம்னு டாக்டரை இப்பவே புடுங்கி எடுக்கறா. புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து அம்மா கடையில உக்காரணுமாம்."

எனக்குக் கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. துடைக்கலாம் என்று பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தேன்.

"தொடாதேன்னு சொன்னேன்ல" என்ற பெரிய டீச்சர், தோளிலிருந்த கையால் தன் முந்தானையை இழுத்து என் கண்ணை அவரே துடைத்துவிட்டார்.